பழைய எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவது ஏன்?

சாதாரண ஸ்பீக்கரில் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து கூம்பை அசைக்கும். எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் காந்தமே கிடையாது. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், அதில் எப்போதும் உயர் வோல்டேஜ் மின்னேற்றம் நிற்கும், பாட்டின் சிக்னல் தகடுகளுக்குப் போகும்போது படலம் முன்னும் பின்னும் இழுபடும். தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே, அதே விசைதான்.

அந்த மின்னேற்றம் குறைந்தால் சத்தமும் குறையும். 1957-இல் குவாட் (Quad) என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கொண்டுவந்த இந்த வகை ஸ்பீக்கரில் பாஸ் (கனமான, தாழ்ந்த ஒலி) பகுதிக்கு மட்டும் சுமார் 6,000 வோல்ட் வேண்டும். அதை உண்டாக்கும் டயோடு, கெப்பாசிட்டர் அடுக்கு வயதாகித் தளர்ந்துவிடும். தூசியும் ஈரமும் சேர்ந்தாலும் மின்னேற்றம் கசியும், படலத்தின் மேல்பூச்சும் தேயும்.

முதலில் இடது, வலது ஒயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே பெட்டி மந்தமாக இருந்தால் கோளாறு அதற்குள்ளேதான். சரி, திறந்து பார்ப்போம் என்று உடனே கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும். மேம்படுத்துவதென்றால் அந்த டயோடு, கெப்பாசிட்டர் அடுக்கை மாற்றுவதுதான் முதல் வேலை. பலர் விலை உயர்ந்த ஒயரில் ஆரம்பிக்கிறார்கள், எனக்கு அது வீண்செலவாகத்தான் படுகிறது.

அப்புறம், பெரிய ஆம்ப்ளிஃபையர் போட்டால் சத்தம் கூடிவிடும் என்பது தவறு: அந்தக் குவாட் 15 வாட் ஆம்ப்ளிஃபையருக்காகச் செய்தது, அளவு மீறினால் உள்ளே ‘டிக்’கென்று தீப்பொறி பாய்ந்து படலத்தில் ஓட்டை விழும்.