மேகம் இருக்குமா என்று காசு கட்டிக் கேட்க வேண்டுமா?

கேள்வி: ஆறு அங்குல டெலஸ்கோப் வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் நண்பர்களுடன் வேலூரிலிருந்து ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோகிறோம். போனில் இருக்கும் வானிலை ஆப் ‘தெளிவான வானம்’ என்கிறது, மேலே போனால் மேகம். வானம் பார்ப்பவர்களுக்கென்றே வந்திருக்கும் ஓர் ஆப் ஆண்டுச் சந்தா கேட்கிறது. கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த ஆப் நம் ஊருக்கு எந்த மாடலின் (வானிலையைக் கணினியில் கணக்கிடும் முறை) கணிப்பைக் காட்டுகிறது என்று முதலில் தேடிப் பாருங்கள். ஐரோப்பாவின் ஈசிஎம்டபிள்யூஎஃப், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஜெர்மனியின் ஐகான் போன்ற சில மாடல்களைத்தான் பெரும்பாலான ஆப்கள் எடுத்துக் காட்டுகின்றன. சரக்கு ஒன்று, பொட்டலம்தான் வேறு. யூடியூப்பில் வெளிநாட்டுக்காரர்கள் புகழ்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பேர்போன ‘கிளியர் ஸ்கை சார்ட்’ கனடா வானிலை மையத்தின் கணிப்பில் ஓடுவது. வட அமெரிக்காவைத் தாண்டி அதற்கு வேலை இல்லை.

உங்களுக்குத் தேவையானது இலவசமாகவே கிடைக்கிறது. போன் ஆப் குடை எடுக்கலாமா என்று கேட்பவருக்கானது. ஒரே படத்தில் வானத்தை முடித்துவிடும். விண்டி, மீட்டியோப்ளூ, கிளியர் அவுட்சைடு மூன்றும் தாழ்மேகம், நடுமேகம், உயர்மேகம் என்று பிரித்துக் காட்டுகின்றன. மெல்லிய உயர்மேகம் நூறு சதவீதம் என்றாலும் நிலாவையும் வியாழனையும் பார்த்துவிடலாம், மங்கலான கேலக்ஸிகள்தான் போகும். தாழ்மேகம் அப்படியல்ல. மலையில் நீங்களே அதற்குள் நிற்பீர்கள்.

விண்டியில் ஒரே இரவுக்கு மாடலை மாற்றி மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒத்துப்போனால் கிளம்பலாம். முரண்பட்டால் முடிவைச் சனிக்கிழமை மதியத்துக்குத் தள்ளுங்கள். மூன்று நாளுக்கு மேற்பட்ட மேகக் கணிப்பை நான் மதிப்பதே இல்லை.

ஆனால் எந்த மாடலுக்கும் உங்கள் மேடு தெரியாது. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் மாடல் கணக்கிடும், ஈசிஎம்டபிள்யூஎஃப்பின் ஒரு கட்டமே சுமார் 9 கிலோமீட்டர். மலைமுகடும் பள்ளத்தாக்கும் அதற்குள் சராசரியாகிவிடும். அதனால் பனிப்புள்ளியையும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள். இரவு வெப்பநிலை அதை ஒட்டி ஓரிரு டிகிரிக்குள் வந்து காற்றும் அசையாவிட்டால் மூடுபனி வரலாம். அது வராவிட்டாலும் லென்ஸில் ஈரம் படியும்.

கிளம்பும் முன் கடைசியாக இந்திய வானிலை ஆய்வுத் துறை தளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படம் பாருங்கள். அரை மணிக்கு ஒன்று வரும், நயா பைசா செலவில்லை. கடைசி நான்கைந்து படங்களை வரிசையாகப் பார்த்தால் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று புரியும். இருட்டிய பிறகு அகச்சிவப்புப் படம்தான் கைகொடுக்கும். அதில் உயர்மேகம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், தாழ்மேகமோ தரையின் வெப்பத்தை ஒட்டியே இருப்பதால் எளிதில் கண்ணுக்குப் படாது. படம் கருப்பாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். மதியம் மூன்று மணிக்குத் திரளும் பஞ்சு மேகத்தைக் கண்டு பயணத்தையும் ரத்து செய்ய வேண்டாம். பொழுது சாய்ந்தால் பெரும்பாலும் அது கரைந்துவிடும். ஏப்ரல், மே இடிமழை மேகம் வேறு ரகம். மழை ஓய்ந்த பிறகும் அதன் மேல்விரிப்பு இரவில் வெகுநேரம் நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தா கட்டத்தான் ஆசை என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், அதையும் வானம் திறந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

கேள்வி: டிசம்பர் 14 ஜெமினிட்ஸ் விண்கல் மழைக்கு ஏலகிரியில் இப்போதே அறை போடலாமா?

பதில்: வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓயாத நேரம். அந்த இரவின் மேகத்தை ஒரு மாதம் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. முதல் நாள் வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் அறையாக இருந்தால் மட்டும் போடுங்கள். அந்த நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.