கண் டெக்னீஷியன் படிப்பு, அலுவலகப் பயிற்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கண் டெக்னீஷியன் படிப்பும் ஆப்டோமெட்ரியும் ஒன்றா? சேர்க்கைக்கு விசாரித்த இடத்தில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றார்கள்.

பதில்: ஒன்றல்ல. அப்படிச் சொல்கிற இடத்தில் பணம் கட்டும் முன் இன்னும் நாலு பேரிடம் விசாரியுங்கள். ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பு, முடித்தவர் தாமே பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தர முடியும். டெக்னீஷியன் படிப்பு பெரும்பாலும் ஓரிரு ஆண்டுச் சான்றிதழோ டிப்ளமோவோதான். நோயாளி டாக்டரிடம் போவதற்கு முன் பார்வையை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரிய வைப்பது, ஸ்கேன் எடுப்பது எல்லாம் இவர் பொறுப்பு. நோய் இன்னதென்று சொல்வதும் மருந்து எழுதுவதும் டாக்டரின் வேலை.

கேள்வி: மூன்றே மாதத்தில் கண் டெக்னீஷியன் ஆகலாம் என்கிறது ஒரு விளம்பரம். நம்பலாமா?

பதில்: வேண்டாம். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கண்புரை அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தை அளந்துதான் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை முடிவு செய்வார்கள். கண்ணின் சராசரி நீளம் 23, 24 மில்லிமீட்டர். அதை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவர் ஏறக்குறைய 2.5 டயாப்டர் (லென்ஸ் பவரை அளக்கும் அலகு) தவறிவிடும். அறுவை கச்சிதமாக நடந்திருக்கும். நோயாளிக்கு மட்டும் தெளிவாகத் தெரியாது. ஸ்கேன் முனையைக் கண்ணில் தொட்டு அளக்கும் முறையில், கை கொஞ்சம் அழுத்தினாலே கருவிழி அமுங்கி நீளம் குறைவாகக் காட்டும். எவ்வளவு மெதுவாகத் தொட வேண்டும் என்பது பல நூறு கண்களை அளந்த பிறகே கைக்குப் பிடிபடும்.

1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுக்கிறார்கள். அங்கே வேலையின் பெரும்பகுதியைச் சுமப்பது அந்தப் பெண்கள்தான்.

ஆகவே கல்லூரியில் கேட்க வேண்டியது இதுதான்: எந்தக் கண் மருத்துவமனையோடு இணைப்பு இருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் அங்கே அனுப்புவீர்கள், மாணவர்கள் கருவியைத் தொடுவார்களா, நின்று வேடிக்கை பார்ப்பார்களா? சான்றிதழை உங்கள் அரசு ஏற்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: நானே கண்ணாடி போட்டிருக்கிறேன். இந்த வேலைக்கு ஆகுமா?

பதில்: தாராளமாக. கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்க உதவும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்ப்பவரின் பவருக்கு ஏற்பத் திருப்பி வைக்கும் வசதி உண்டு. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை உணர்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவியில் அது முக்கியம்.

கேள்வி: அலுவலக நிர்வாக டிப்ளமோ சேரப் போகிறேன். பாடத்திட்டத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் என்று பெயர்களை மட்டும் அடுக்கியிருந்தால் போதாது. நூறு பேருக்குப் பெயரும் முகவரியும் மாற்றிக் கடிதம் தயாரிக்கும் மெயில் மெர்ஜ் இருக்கிறதா? எக்செல்லில் நீண்ட பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் இருக்கிறதா? தேதி என்று நினைத்து அடித்ததை எக்செல் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டால் வரிசைப்படுத்தும்போது எல்லாம் குழம்பும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யக் கற்றுத் தருகிறார்களா?

அப்புறம் கோப்புப் பராமரிப்பு. நிறையப் பேர் இதை ஒரு பாடமாகவே மதிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-03-07 என்று தொடங்கினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். இந்தச் சின்னப் பழக்கம் இல்லாததால் அரைநாள் தேடும் அலுவலகங்கள் எத்தனையோ. கூட்டக் குறிப்பு எழுதும் பயிற்சியும் கேளுங்கள்: யார், எதை, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பது அதில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: தட்டச்சில் நிமிடத்துக்கு 30 சொல் வருகிறது. குறைவா?

பதில்: தொடக்கத்துக்குச் சரி. இந்தக் கணக்கில் இடைவெளியையும் சேர்த்து ஐந்து எழுத்து ஒரு சொல். வேகத்தை விரட்டாதீர்கள், விசைப்பலகையைப் பார்க்காமல் பிழையில்லாமல் அடியுங்கள், வேகம் பின்னால் வரும்.

கேள்வி: அலுவலகப் பயிற்சி முடித்து ஒரு கண் மருத்துவமனை வரவேற்பில் இருக்கிறேன். டெக்னீஷியனாக மாறலாமா?

பதில்: மாறலாம், உங்களிடம் ஏற்கெனவே ஒரு பலம் இருக்கிறது. டெக்னீஷியன் செய்யும் பிழைகளில் பல, அளப்பதில் அல்ல, எழுதுவதில் வருபவை. வலக்கண்ணின் அளவை இடக்கண்ணில் குறிப்பது, பிளஸ் போட வேண்டிய இடத்தில் மைனஸ் போடுவது, 6/60 என்பதை 6/6 என்று எழுதுவது. 6/6 என்றால் இயல்பான பார்வை. 6/60 என்றால் பிறர் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார். ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் பார்வை மங்கியவர் நன்றாகப் பார்ப்பவராகிவிடுவார். பதிவேட்டைக் கவனமாக எழுதிப் பழகியவருக்கு இந்த ஒழுங்கு கையோடு வரும்.

படிப்பில் சேரும் முன், விடுப்பு நாள் ஒன்றில் உங்கள் மருத்துவமனையின் பரிசோதனை அறையில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரே கேள்வியை ஒவ்வொரு முதியவரிடமும் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்க உங்களால் முடியுமா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.