ஓவர்டிராஃப்ட் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள், கணக்கில் வரவை நிறுத்தாதீர்கள்

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். என் பெயரில் 300,000 ரிங்கிட் ஓவர்டிராஃப்ட் (ஓடி, நடப்புக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க வங்கி தரும் கடன் வரம்பு) இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் வீட்டை அதற்கு அடமானமாக (சார்ஜ்) வைத்திருக்கிறேன், மனைவி கேரண்டர். கூடுதல் வட்டி, கமிட்மெண்ட் கட்டணம், காசோலை திரும்பிய கட்டணம், புதுப்பிப்புக் கட்டணம் என்று இரண்டு வருடத்தில் 6,840 ரிங்கிட் பிடித்துவிட்டார்கள். அப்பா காலத்திலிருந்து 22 வருட வாடிக்கையாளர் நான். கேட்கப் போனால் மேலாளர் நான்கு பேர் முன்னால் அவமதித்துப் பேசினார். வழக்குப் போட்டு நட்டஈடு வாங்க முடியுமா? அதுவரை விற்பனைப் பணத்தை வேறு வங்கியில் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: மேலாளர் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் அதற்கு நீதிமன்றத்தில் பணம் கிடைக்காது, 22 வருட உறவுக்கும் கிடைக்காது. புகாரில் இரண்டையும் எழுதாதீர்கள். எழுதினால் வங்கி அந்தப் பத்திக்கு மட்டும் வருத்தம் தெரிவித்துவிட்டுக் கோப்பை மூடிவிடும்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டர், அதாவது வங்கியின் கடன் நிபந்தனைக் கடிதம், இந்த ஒவ்வொரு கட்டணத்தையும் அனுமதிக்கிறதா, அனுமதித்தால் அதில் சொன்னபடிதான் கணக்குப் போட்டார்களா?

கட்டணம் அதிகம், நியாயமில்லை என்ற அடிப்படையில் போனால் தோற்பீர்கள். வங்கி, காப்புறுதிப் புகார்களை விசாரித்த ஓஎஃப்எஸ்ஸும் முதலீட்டுப் புகார்களை விசாரித்த சிட்ரெக்கும் 2025 ஜனவரி 1 முதல் இணைந்து எஃப்எம்ஓஎஸ் என்ற ஒரே குறைதீர்ப்பு அமைப்பாகிவிட்டன. சிறு வியாபாரிகளின் புகாரை அது இலவசமாக, 250,000 ரிங்கிட் வரை விசாரிக்கிறது. ஆனால் வங்கியின் பொதுவான விலை நிர்ணயம் அதன் வரம்புக்குள் வராது. கட்டணத்தைத் திரும்பக் கேட்க இணையத்தில் சுற்றும் பிரிட்டன் மாதிரிக் கடிதங்களை நம்பவே நம்பாதீர்கள். அங்கேயே 2009இல் உச்ச நீதிமன்றம், ஓவர்டிராஃப்ட் கட்டணத்தின் அளவு நியாயமா என்று அந்நாட்டு நுகர்வோர் விதிகளின் கீழ் ஆராய முடியாது என்று வங்கிகளின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவும் ஒப்பந்தத்தை மீறியதற்கான தொகையைப் பற்றியது. வரம்பைத் தாண்டிய காசோலையை வங்கி பாஸ் செய்தால் அதை மீறல் என்று வங்கி சொல்லாது, நீங்கள் கேட்டு வங்கி கொடுத்த கூடுதல் கடன் என்றுதான் வாதாடும்.

கணக்குப் பிழை வேறு. அதில் உங்களுக்குப் பலம் உண்டு. பல ஆஃபர் லெட்டர்களில் வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 1 விழுக்காடு கூடுதல் என்றிருக்கும். 8,000 ரிங்கிட் தாண்டி 5 நாள் இருந்தால் அந்தக் கூடுதல் 1.10 ரிங்கிட். அதையே மொத்த நிலுவையான 308,000க்கும் போட்டால் 42.19 ரிங்கிட் ஆகிவிடும். இந்த வித்தியாசம் மாதத்துக்கு நான்கு முறை வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கமிட்மெண்ட் கட்டணம் பயன்படுத்தாத பகுதிக்கு மட்டும்தான், வழக்கமாக 250,000க்கு மேற்பட்ட வரம்புகளுக்கு 1 விழுக்காடு. வரம்பு தாண்டியிருந்த நாட்களில் பயன்படுத்தாத பகுதியே கிடையாது. அந்த நாட்களுக்கும் பிடித்திருந்தால் அது பிழை. கட்டணத்தை இடையில் உயர்த்தியிருந்தால் முன்னறிவிப்பு எப்போது வந்தது என்று பாருங்கள், 21 நாள் என்பது வழக்கமான நிபந்தனை. பேங்க்-இன் செய்த காசோலை கிளியர் ஆகும் முன் செலவழித்ததால் வரம்பு தாண்டியிருந்தால் மட்டும் பேசாமல் இருங்கள், கிளியரான பணத்தை மட்டும்தான் வரவாக எடுத்து வட்டி கணக்கிடுவார்கள்.

புகார் நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில். இறுதி பதில் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள், அல்லது 60 நாளாகியும் பதில் வராவிட்டால், எஃப்எம்ஓஎஸ். ஸ்டேட்மெண்ட்டை 14 அல்லது 21 நாளில் மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகும் என்று நிபந்தனை இருக்கும். பழைய மாதங்களை அதைக் காட்டித்தான் வங்கி தடுக்கும். இனி வரும் ஒவ்வொரு ஸ்டேட்மெண்ட்டுக்கும் உடனே மின்னஞ்சலில் மறுப்பு அனுப்புங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது கடைசி வரி. கோபத்தில் விற்பனைப் பணத்தை வேறு வங்கிக்குத் திருப்பிய வியாபாரிகள் வீட்டை இழக்கும் நிலைக்கு வருவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டெர்ம் லோனில் (மாதத் தவணைக் கடன்) தவணையை நிறுத்துவது போல ஓடியில் நடக்காது. வட்டி மாதக் கடைசியில் தானாக டெபிட் ஆகும். விகிதம் 7.5 என்று வைத்தால் 300,000க்கு மாதம் 1,875 ரிங்கிட். நிலுவை வரம்பை ஒட்டி இருக்கும்போது ஒரே மாதம் வரவு இல்லாவிட்டால் கணக்கு வரம்பைத் தாண்டிவிடும், காசோலைகள் திரும்பும். போதிய பணமில்லாமல் 12 மாதத்தில் மூன்று காசோலை திரும்பினால் நடப்புக் கணக்கையே மூடுவார்கள். 90 நாளுக்கு மேல் வரம்பு தாண்டியே நின்றால் கடன் கெட்ட கடனாக வகைப்படுத்தப்படும். மத்திய வங்கியின் கடன் தகவல் பதிவேடான சிசிரிஸ் அதை மற்ற வங்கிகளுக்கும் காட்டும், நீங்கள் கடன் கேட்கும் வங்கியெல்லாம் கதவை மூடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஓடி கேட்ட உடனே கட்ட வேண்டிய கடன் என்பது. காரணம் சொல்லாமலே வங்கி முழுத் தொகையையும் திரும்பக் கேட்கலாம். தேசிய நிலச் சட்டத்தின் கீழ் கடனைக் கட்டச் சொல்லும் 16இ பாரம் நோட்டீஸ் வந்தால் ஒரு மாதம்தான் அவகாசம், பிறகு வீட்டை ஏலம் விட விண்ணப்பம் போடுவார்கள். அங்கே போய் 6,840 ரிங்கிட் தகராறு இருக்கிறது என்றால் எடுபடாது. கடன் இருப்பது உண்மை, எவ்வளவு என்பதில் மட்டும் தகராறு என்றால் ஏலத்தைத் தடுக்க அது போதாது. வங்கி அதிகாரி கையெழுத்திட்ட கடன் சான்றிதழே நிலுவைக்குச் சாட்சி, வெளிப்படையான பிழையை நீங்கள்தான் காட்ட வேண்டும். வங்கியின் வழக்கறிஞர் செலவும் உங்கள் கணக்கில் ஏறும். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் எஃப்எம்ஓஎஸ் அதை எடுக்காது. இலவசமாக இருந்த அந்த வழியும் போய்விடும். கடன் 100,000ஐத் தாண்டுவதால் திவால் நடவடிக்கைக்கும் இடம் உண்டு, கேரண்டரான உங்கள் மனைவியின் பெயரும் இதில் இழுபடும்.

ஆகவே வரவு அதே கணக்கில் தொடரட்டும். கட்டணங்களை மறுக்கிறேன், உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுக் கட்டுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. புகார் போன பிறகு வங்கி அன்பாக அழைத்து, ஓடியை டெர்ம் லோனாக மாற்றித் தருகிறோம், மாதத் தவணை சுலபமாக இருக்கும் என்று புது ஆஃபர் லெட்டரை நீட்டலாம். இன்றைய நிலுவை சரியானது என்று ஒப்புக்கொள்ளும் வரி அதில் இருந்தால், கையெழுத்துப் போட்டதும் பழைய கட்டணங்களைப் பற்றிப் பேச முடியாது. கணக்குத் தகராறு தீரும் வரை தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் மறுக்கும் தொகையைத் தனியாக ஒதுக்கி எழுதச் சொல்லுங்கள்.

இந்தத் தொகைக்கு வழக்கு வேண்டாம். 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நடத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் நிபந்தனைகள் நிறைந்த வங்கி ஆவணத்தை நீங்களே வாதாட வேண்டியிருக்கும். வழக்கறிஞரை வைத்தால் அவர் கட்டணமே நீங்கள் கேட்கும் தொகையைத் தின்றுவிடும்.

ஆஃபர் லெட்டரையும் 24 மாத ஸ்டேட்மெண்ட்டையும் பக்கத்தில் வைத்து, பிழை என்று காட்டக்கூடிய வரிகளை மட்டும் தேதி, பிடித்த தொகை, சரியான தொகை என்று ஒரு தாளில் எழுதுங்கள். 6,840இல் அப்படி 2,500 தேறினால் அந்த 2,500ஐக் கேளுங்கள், கேட்டதில் பாதிக்கு மேல் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்ளும் கடிதத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு வரிகள் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்: இந்தத் தீர்வு குறிப்பிட்ட கட்டணங்களுக்கு மட்டும் என்று ஒன்று, இந்தப் புகாரைக் காரணமாக வைத்து ஓடி வரம்பைக் குறைக்கவோ திரும்பக் கேட்கவோ மாட்டோம் என்று ஒன்று. இரண்டாவதை வங்கி தர மறுக்கலாம். அப்படியானால் பணத்தை வாங்கிக்கொண்டு, இந்த வங்கியோடு அமைதியாக இருந்தபடியே, அடுத்த புதுப்பிப்புக்கு முன் ஓடியை வேறு வங்கிக்கு ரீஃபைனான்ஸ் செய்யும் வேலையைத் தொடங்குங்கள்.