சிஸ்டர், முதலில் அந்த கிரீமைக் கீழே வையுங்கள்

கேள்வி: ஐசியூ டூட்டி. ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் கிருமிநாசினி) போட்டாலே கை எரிகிறது. அலர்ஜி என்று சோப்புக்கு மாறினேன். இப்போது விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.

பதில்: பெரும்பாலும் அலர்ஜி இல்லை, சிஸ்டர். சோப்பு ஏற்கெனவே தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டது. அந்த வெடிப்பில் ஆல்கஹால் பட்டால் சுள்ளென்றுதான் இருக்கும். கிளிசரின் கலந்த ரப் சோப்பைவிடச் சாது. கையில் ரத்தமோ அழுக்கோ தெரியாதவரை ரப் போதும், 20 முதல் 30 விநாடி. கழுவியே ஆக வேண்டும் என்றால் வெந்நீர் வேண்டாம். துடைக்கும்போது ஒற்றி எடுங்கள். ஈரக் கையில் கிளவுஸ் மாட்டாதீர்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள், அதனடியில் சோப்பும் ஈரமும் தங்கும், பலருக்கு முதலில் சிவப்பது அங்கேதான். படுக்கும் முன் பெட்ரோலியம் ஜெல்லி. மெடிக்கல் ஷாப்பில் தரும் ஸ்டீராய்டு கலவை கிரீமை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: ரப்பே போதும் என்கிறீர்களே, சி.டிஃப் (வயிற்றுப்போக்கு தரும் குடல் பாக்டீரியா) நோயாளிக்கும் அதுதானா?

பதில்: இல்லை. அந்தக் கிருமியின் ஸ்போர்களை, அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வடிவத்தை, ஆல்கஹால் கொல்லாது. அங்கே கிளவுஸ், கழற்றியதும் சோப்புத் தண்ணீர்.

அதே சிஸ்டர்: அப்படியென்றால் சோப்புதானே பாதுகாப்பு? எல்லாருக்கும் அதையே போட்டால் என்ன?

பதில்: ஒரு படுக்கைக்காக மற்ற எல்லாப் படுக்கைக்கும் கையைக் காய வைப்பானேன்? வெடித்த தோலில் கிருமி சுலபமாகக் குடியேறும், அங்கிருந்து நோயாளிக்கும் போகும். பாதுகாப்பு என்று நீங்கள் செய்வது அதற்கே எதிராகப் போகிறது.

கேள்வி: லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) கிளவுஸை விட்டு நைட்ரைல் (செயற்கை ரப்பர்) போட்டும் அரிப்பு.

பதில்: மாட்டிய சில நிமிடத்தில் தடிப்பா, மறுநாள் அரிப்பா? உடனே தடிப்பது லேட்டக்ஸ் புரதத்தின் வேலை. மூச்சிரைப்பும் வந்தால் அவசரம். ஓரிரு நாள் கழித்து வருவது ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் போன்றவற்றால் இருக்கலாம். அவை பல நைட்ரைல் கிளவுஸிலும் உண்டு. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்யுங்கள். சந்தேகப் பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பிரிப்பார்கள், அப்புறம் இன்னொரு முறை பார்ப்பார்கள். ஸ்டீராய்டு கிரீமைத் தடவிக்கொண்டு போனால் ரிசல்ட் பொய் சொல்லும்.

கேள்வி: "நர்ஸ் கை என்றால் இப்படித்தான்" என்கிறார் மேட்ரன்.

பதில்: 1889-90 வாக்கில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கரோலின் ஹாம்ப்டன் என்ற ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்கு அப்போது கிருமிநாசினியாக இருந்த மெர்க்குரிக் குளோரைடு கரைசலால் கையெல்லாம் புண். சர்ஜன் ஹால்ஸ்டெட் "இப்படித்தான்" என்று விடவில்லை. குட்இயர் ரப்பர் கம்பெனியில் சொல்லி மெல்லிய கையுறை செய்வித்தார். தியேட்டரில் கிளவுஸ் வழக்கமானதற்கு ஒரு நர்ஸின் கைப்புண்ணும் காரணம். மேட்ரனிடம் சொல்லுங்கள். (அந்த கரோலினையே 1890-ல் ஹால்ஸ்டெட் கல்யாணமும் செய்துகொண்டார்; அதைச் சொல்ல வேண்டாம்.)

கேள்வி: டாக்டர், கை வெடிப்புக்கு நல்ல கிரீம் ஒன்று?

பதில்: மேலே இருக்கிறது, பெட்ரோலியம் ஜெல்லி.

கேள்வி: கடைக்காரர் தந்த கிரீம் இரண்டே நாளில் கேட்டதே, டாக்டர்?

பதில்: கேட்கும். ஸ்டீராய்டு அப்படித்தான் கேட்கும். சிவப்பை அடக்கும், உள்ளே கிருமி இருந்தால் மறைத்தும் விடும். சீழ் இருக்கிறதா? இருந்தால் நாளை வார்டுக்குப் போகும் முன் ஓபியில் கையைக் காட்டுங்கள்.