வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கு வேலை ஏன் வெறுத்துப் போகிறது?

கேள்வி: கிளிநொச்சியில் 14 வெளிக்கள உத்தியோகத்தர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். நல்லாய் வேலை செய்த பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்து, சனத்தோடு எரிந்து விழுகிறார்கள். லீவு கொடுத்தும் சரிவரவில்லை. என்ன காரணம்?

பதில்:

லீவு கொடுத்தும் சரிவரவில்லை என்று நீங்கள் எழுதியதே முக்கியமான தடயம். வெறும் களைப்பென்றால் நாலு நாள் வீட்டில் படுத்தெழும்பத் தீர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலைச்சோர்வை ஒரு நோயாக இல்லாமல், வேலையால் வருகிற ஒரு நிலையாகத் தன் சர்வதேச நோய் வகைப்பாட்டில் சேர்த்தது. அடையாளங்கள் மூன்று: உடம்பில் சத்தே இல்லாத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகி, எரிச்சலும் அலட்சியமும் வருவது, "நான் செய்து என்ன பிரயோசனம்" என்ற நினைப்பு. ஆகவே அந்தப் பிள்ளைகள் எரிந்து விழுவதைக் குணக்கேடு என்று எழுதிவிடாதீர்கள். அது இரண்டாவது அடையாளம்.

வேலை கூடிப்போச்சு என்றுதான் எல்லாரும் காரணம் சொல்வார்கள். வேலை கூடினது மட்டும் ஆளை இப்படி ஆக்காது. வேலைப்பளு கூடவும், அதைத் தீர்மானிக்கிற உரிமை குறையவும் இருக்கிற இடத்தில்தான் அழுத்தம் மிகக் கடுமையாகும் என்று வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ரொபேர்ட் கராசெக் 1979இலேயே எழுதினார். வன்னியின் வெளிக்கள வேலையில் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான்.

மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற நாட்களை எடுங்கள். உத்தியோகத்தர் முழங்கால் தண்ணிக்குள்ளால் வீடு வீடாகப் போய்ப் பெயர் எடுக்கிறார். அடையாள அட்டை இலக்கம், எத்தனை பேர், வீட்டுச் சேதம் முழுதா பகுதியா, கிணறு பாவிக்கலாமா. இரவு 9 மணிக்கு அதே விபரம் வேறொரு படிவத்தில் வேண்டும் என்று வட்ஸ்அப்பில் வரும். பட்டியல் மேலே போகும். யாருக்கு என்ன என்பது மேலேதான் முடிவாகும். சில நாளில் ஒரு அம்மா வாசலில் வந்து நின்று, "தம்பி, என்ர பேரை ஏன் வெட்டினீங்கள்?" என்று கேட்பா. வெட்டினது அவரில்லை. ஏன் வெட்டுப்பட்டது என்று அவருக்கும் ஒருவரும் சொல்லவில்லை. பதில் சொல்லுகிற பொறுப்பு மட்டும் அவருடைய தலையில். ஒருமுறை என்றால் மனம் தாங்கும். வெள்ளம், வறட்சி, வீட்டுத்திட்டம், உதவித்தொகை என்று வருடம் முழுக்க இதே கேள்வியென்றால், கொஞ்சம் கொஞ்சமாகச் சனத்தின் முகத்தைப் பார்க்காமலே பதில் சொல்லப் பழகிவிடுவார்.

கடன் வசூலிக்கிறவர்களிடம் இன்னொரு முடிச்சு. தவணை கிழமைக்குக் கிழமை. வயலை நம்பிய குடும்பமோ மாசி, பங்குனியில் காலபோக நெல் வெட்டினால்தான் காசு காணும். மார்கழியில் அந்த வீட்டு முற்றத்தில் போய் நின்று தவணை கேட்பது பிழை என்று கேட்கிறவருக்கே தெரியும். மனம் ஒப்பாத வேலையை நாளாந்தம் செய்வது, 12 மணித்தியாலம் மண்வெட்டி பிடிப்பதைவிட ஆளை வேகமாக உருக்கும். வேலைச்சோர்வை ஆராய்ந்த மஸ்லாக், லைட்டர் இருவரும் ஆளுக்கும் வேலைக்கும் இடையில் 1997இல் வகுத்த ஆறு பொருத்தமின்மைகளில் விழுமியம், அதாவது மனம் சரியென்று நம்புவது, ஒன்று. பளு, தீர்மானிக்கும் உரிமை, கைம்மாறு, கூட வேலை செய்வோரின் உறவு, நியாயம் என்பவை மற்றவை.

நியாயத்தைப் பற்றி ஒன்று மட்டும்: ஒரே வேலைக்கு ஒருவர் நிரந்தரம், மற்றவர் ஒப்பந்தம் என்றிருந்தால் அங்கே சோர்வு முந்தி வரும்.

இங்கே மறக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. காணாமல் போனவர்களின் குடும்பம், கை கால் இழந்தவர்கள், பெண் தனியே தாங்குகிற வீடுகள் என்று நாள் முழுக்கக் கேட்டு எழுதுகிற உத்தியோகத்தரில் பலர் தாங்களும் 2009ஐக் கடந்து வந்தவர்கள். படிவத்தில் எழுதுவது அடுத்தவரின் கதை, மனதில் கிளறுவது தன்னுடையது. ஒரே நாளில் அப்படியான மூன்று நான்கு வீடுகளைத் தொடர்ந்து ஒருவருக்கே கொடுக்காதீர்கள். இடையில் சாதாரண வேலையொன்றை வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் வருகிறவர்களுக்கு ஒருவழிப் பயணமே ஏறக்குறைய 65 கிலோமீற்றர். அந்த நேரம் நித்திரையிலிருந்துதான் வெட்டுப்படுகிறது.

லீவு ஏன் வேலை செய்யவில்லை? ஆள் வீட்டில் இருக்க, வேலை மேசையில் குவிந்து கிடக்கிறது. அஞ்சு நாள் லீவு முடிந்து வந்தவர் பத்து நாள் வேலையை இழுக்கிறார். பதிலாளை எழுத்தில் குறிக்காத லீவு லீவே இல்லை. ஒருநாள் மனவளப் பயிற்சிப் பட்டறையும் இப்படித்தான். அன்றைய வீட்டுத் தரிசிப்புகள் மறுநாளுக்குச் சேரும்.

முதலில் அளந்து பாருங்கள். இரண்டு கிழமைக்கு ஒவ்வொருவரும் ஒரு கொப்பியில் நாலு விடயம் எழுதட்டும்: என்ன வேலை, எவ்வளவு நேரம், யார் கேட்டது, அதில் தான் முடிவெடுக்க முடிந்ததா. பெயர் போடவேண்டாம்; போட்டால் பயத்தில் அழகாக எழுதுவார்கள். ஒரே தரவு எத்தனை தரம் எழுதப்படுகிறது என்பதை முதலில் எண்ணுங்கள். கொப்பி, படிவம், கணினி என்று மூன்று தரம் என்றால் ஒன்றை நிறுத்த உங்களால் முடியும். தனியார் அலுவலகம் என்றால் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் வழமையான வேலை. இரவு வட்ஸ்அப்பில் கேட்கிற ரிப்போட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். அனர்த்த காலம் தவிர, மாலை 6 மணிக்குப் பிறகு குழுவில் தகவல் கேட்பதில்லை என்று நீங்களே முதலில் நின்று காட்டவேண்டும்.

ஒருவர் தொடர்ந்து களைத்தே இருந்தால் எல்லாவற்றையும் வேலையில் போடவும் கூடாது. ஹீமோகுளோபின், தைரொயிட், வெறும் வயிற்றுச் சீனி பார்க்கச் சொல்லுங்கள். வவுனியாப் பக்கத்து ஆள் என்றால் சிறுநீரகத்துக்கான கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையும் பார்ப்பது நல்லது. அங்கே சிறுநீரக நோய் கூட. லீவு நாளிலும் சிரிப்பில்லை, சாப்பாட்டில் மனமில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அது வேலைச்சோர்வைத் தாண்டிவிட்டது. அன்றைக்கே மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

கடைசியாக, காசு செலவில்லாத வேலை ஒன்று. பயனாளிகள் பட்டியல் எந்த அளவுகோலில் முடிவானது, மேன்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் கையொப்பத்தோடு அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். பிரதியொன்று ஒவ்வொரு உத்தியோகத்தரின் பையிலும் இருக்கட்டும். அடுத்தமுறை அந்த அம்மா வந்து கேட்கும்போது உத்தியோகத்தர் நிலத்தைப் பார்க்கத் தேவையில்லை. தாளை விரித்து, "அம்மா, இந்த இடத்தில் மேன்முறையீடு எழுதுவம், நான் எழுதித் தாறன்" என்று சொல்லலாம்.