ஹெரால்டுக்குள் ஆறு சிலிண்டர்: கேள்வி பதில்

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் 948 சி.சி. இன்ஜினை எடுத்துவிட்டு, ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் பெரிய இன்ஜினைப் பொருத்துவது பற்றிப் பழைய கார் வைத்திருப்போர் சிலர் கேட்டிருந்தனர். அவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி (அம்பத்தூர்): அப்பா 1966இல் வாங்கிய ஹெரால்டு எங்களிடம் இருக்கிறது. இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் அதற்குள் அடங்குமா?

அடங்கும். இங்கிலாந்தில் டிரையம்ஃப் நிறுவனமே இதைச் செய்து விற்றிருக்கிறது. ஹெரால்டை அடிப்படையாகக் கொண்டு, 1962இல் 1596 சி.சி. இன்ஜினுடனும் 1966இல் 1998 சி.சி. இன்ஜினுடனும் விடெஸ் என்ற காரை அது வெளியிட்டது. உங்கள் இன்ஜினும் அந்த இரண்டு லிட்டரும் ஒரே குடும்பம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 76 மி.மீ.தான், சிலிண்டரின் விட்டம் மட்டும் 63இலிருந்து 74.7 மி.மீ. ஆகியிருக்கிறது. முன்பக்க மட்காட்களோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால், கார் வேலையில் இவ்வளவு வசதியாக நின்று செய்யக்கூடிய வேலை வேறு இல்லை என்றே சொல்வேன். நீளம் கூடுவதால் ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் இன்ஜின் உட்கார்ந்துவிட்டதாலேயே வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

கேள்வி (தாம்பரம்): இன்ஜினைத் தவிர வேறு எதை மாற்ற வேண்டும்?

ஏறக்குறைய எல்லாவற்றையும். சுமார் 35 குதிரைத்திறனுக்காகச் செய்யப்பட்ட காரில் 95 குதிரைத்திறனை ஏற்றுகிறீர்கள் என்பதையும், கூடும் எடை முழுவதும் முன்சக்கரங்களின் மேல்தான் விழுகிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பட்டியல் தானாகவே வந்துவிடும். விடெஸுக்கு டிரையம்ஃப் நிறுவனம் வலுவான சேஸிஸும் முன்புறத்தில் டிஸ்க் பிரேக்கும் கொடுத்தது. நம் ஹெரால்டில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் விகிதம் ஹெரால்டில் 4.875, இரண்டு லிட்டர் விடெஸில் 3.89. பழையதையே விட்டுவைத்தால், ஜி.எஸ்.டி. சாலையில் நான்காவது கியரில் போகும்போதும் மூன்றாவதில் போவதைப் போல இன்ஜின் கதறிக்கொண்டிருக்கும். அதைவிட, அந்தச் சிறிய பற்கள் நெடுநாள் தாங்கா.

மிகவும் கவலைக்குரியது பின்புற சஸ்பென்ஷன். ஹெரால்டின் பின் அச்சுகள் இரண்டும் டிஃபரன்ஷியலின் அருகில் மட்டுமே மடங்கக்கூடியவை. ஆகவே வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பாகம் மேலெழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கும். அந்த நொடியில் கார் சுழன்றுவிடும். இதற்குத் தீர்வாக 1968ஆம் ஆண்டு விடெஸில் பின்சக்கரங்களைக் கீழ்ப்பக்கத்தில் பிடித்துத் தாங்கும் கைகளைச் சேர்த்தார்கள். நம் ஊரில் ஹெரால்டுக்குப் பின் வந்த கெசலிலோ ஒரே துண்டான பின் அச்சையே வைத்தார்கள்.

கேள்வி (மயிலாப்பூர்): சென்னை வெயிலில் சூடாகாதா?

ஓடும்போது ஆகாது, கத்திப்பாராவில் நெரிசலில் நிற்கும்போது ஆகும். தடித்த ரேடியேட்டரும் மின்விசிறியும் வேண்டும். மின்விசிறி வைப்பவர்கள் பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்தியே ஆக வேண்டும், ஏனென்றால் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, அதாவது விசிறி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான், டைனமோ ஏறத்தாழ ஒன்றும் தருவதில்லை.

கேள்வி (வேளச்சேரி): டொயோட்டாவின் 2ஜே.இசட். இன்ஜினைப் பொருத்தலாமா?

மூன்று லிட்டர் வார்ப்பிரும்பு இன்ஜின் அது. ஹெரால்டில் வேண்டாம்.

கேள்வி (அண்ணா நகர்): ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய முடியுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுபடுமாறு திருத்துவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். இன்னொன்றையும் யோசியுங்கள். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு, சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே கிடைக்கும். அம்பத்தூர் நண்பரின் கார் அந்தத் தகுதி உடையது. அதை வெட்டுவதற்கு எனக்கு மனம் வராது. ஆர்.சி. புத்தகம் இல்லாமல் வெறும் கூடாகக் கிடக்கும் ஹெரால்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கென்று மட்டும் கட்டுவதே என் யோசனை.

கேள்வி (பெரம்பூர்): பழைய டிரையம்ஃப் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கிளட்சை ஒருவர் மிதிக்கட்டும். நீங்கள் முன்புறப் புல்லியைக் கவனியுங்கள். மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்க் ஷாஃப்டின் பின்கோடியில், அது முன்பின் நகராமல் தடுக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். இந்த இன்ஜினின் பிறவிக் குறை அது. நான் முதலில் வாங்கிய இன்ஜினை இப்படிப் பார்க்காமல் ஓட்டினேன். பிறகு இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் சம்பைக் கழற்றியபோது, எண்ணெய்க் கசடுக்குள் நகத்துண்டு போல ஒரு வாஷர் கிடந்தது. அது இருந்த இடத்தில் கிராங்க் நேராக இரும்பையே அரைத்திருந்தது. பிளாக் போய்விட்டது.