பஞ்சத்தைத் தேடுகிறவர் ‘பஞ்சம்’ என்று மட்டும் தேடக் கூடாது

கேள்வி: எம்.ஏ. வரலாறு இரண்டாமாண்டு படிக்கிறேன். சேலம் மாவட்டத்தில் தாது வருஷப் பஞ்சம் (1876–78) பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு நாள் போனேன். எதைக் கேட்பது என்றே தெரியாமல் திரும்பிவிட்டேன். ஆவணங்களைத் தேடிப் படிக்க எப்படிப் பழகுவது? நான்கு மாதம்தான் இருக்கிறது.

பதில்: முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் அப்படித்தான். வெறும் தலைப்போடு போனால் காப்பகம் வாய் திறக்காது. ‘சேலத்தில் பஞ்சம்’ என்பது தலைப்பு. ‘நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு எந்தக் கணக்கில் கூலி கொடுத்தார்கள், யார் எதிர்த்தார்கள்?’ என்பது கேள்வி. நான்கு மாதத்துக்கு இதுவே அதிகம்.

கேள்வி கிடைத்துவிட்டதா? சரி, இனி அந்தக் காலத்துக் காகிதம் போன வழியை யோசியுங்கள். தாசில்தார் கலெக்டருக்கு எழுதுவார், கலெக்டர் வருவாய் வாரியத்துக்கு, வாரியம் அரசுக்கு. ஆகவே வாரிய நடவடிக்கைகள், வருவாய்த் துறை அரசாணைகள் இரண்டையும் பார்க்க வேண்டும். முதலில் அந்தந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதியை (இண்டெக்ஸ்) கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து எண், தேதி, துறை மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் ஆவணக் கட்டு மேசைக்கு வரும்.

பலர் சறுக்குவது இந்த அட்டவணையில்தான். ‘ஃபேமின்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பஞ்சம் என்று ஒப்புக்கொள்வதற்கு முன் அதிகாரி ‘ஸ்கேர்சிட்டி’ (தட்டுப்பாடு) என்பார், ‘டிஸ்ட்ரெஸ்’ (துயரம்) என்பார். தீர்வைத் தள்ளுபடி ‘ரெமிஷன்’ என்பதன் கீழ் ஒளிந்திருக்கும். ரோடு போட்ட, கால்வாய் வெட்டிய கணக்கு பொதுப்பணித் துறைக்குப் போயிருக்கும். குமாஸ்தாவின் சொற்களை ஒரு பக்கத்தில் பட்டியல் போட்டுக்கொண்டே வாருங்கள். என்னைக் கேட்டால், ஆய்வுத் திறன் என்பதில் பாதி இந்தப் பட்டியல்தான்.

ஆண்டுக் கணக்கும் குழப்பும். வருவாய்த் துறை பயன்படுத்திய பசலி ஆண்டில் 1286 என்று பார்த்தால் 590ஐக் கூட்டுங்கள்: 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. எல்லையும் அப்படித்தான். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சத்தைத் தொடவில்லை. அந்த வித்தியாசம் முழுவதையும் சாவுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பிழைப்புத் தேடி வெளியேறியவர்களும் பிறக்காமல் போன குழந்தைகளும் அதற்குள் இருக்கிறார்கள்.

அப்புறம், ஒரே காகிதத்தை நம்பி அத்தியாயம் எழுதக் கூடாது. 1877இல் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அதை வைத்துக்கொண்டு உழைக்கும் உடம்பு தாங்காது என்று வாதாடினார். இருவருமே அரசாங்கத்தின் ஆட்கள்தான். ஒருவருக்குக் கஜானா கவலை, மற்றவருக்கு முகாமில் மெலிந்து கிடந்தவர்கள். யார், எந்த நாற்காலியிலிருந்து, யாருக்கு எழுதினார் என்று ஒவ்வொரு தாளிலும் கேளுங்கள். கூலி வாங்கியவரின் குரல் இந்தக் கட்டுகளில் அநேகமாக இருக்காது. அதற்குப் பஞ்சக் கும்மி, சிந்துப் பாடல்கள் பக்கம் போக வேண்டும். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் தேடிப் பாருங்கள். சுதேசமித்திரன் பத்திரிகையைப் புரட்ட நினைத்திருந்தால் வேண்டாம், அது தொடங்கியதே 1882இல்தான்.

குறிப்பு எடுக்கும்போது, மேற்கோளுக்கு முன்னால் அரசாணை எண், துறை, தேதியை எழுதிவிடுங்கள். நான் மாணவனாக இருந்தபோது ஒரு கலெக்டரின் கடிதத்தை அழகாகப் படியெடுத்து, எண்ணை மட்டும் விட்டுவிட்டேன். அடிக்குறிப்பு போட வழியில்லாமல் மூன்று நாள் அதே கட்டுகளை மறுபடி பிரித்தேன். இன்றும் அந்தத் தூசி மூக்கில் இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது துறைத் தலைவரின் கடிதமும் பென்சிலும் கொண்டு போங்கள். பழைய தாளுக்கு அருகில் பேனா வேண்டாம். நேரே 1877க்குத் தாவாமல், வடகிழக்குப் பருவமழை பொய்த்த 1876 அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கான அட்டவணையை முதலில் கேளுங்கள்.